சம்மதமா, நிர்ப்பந்தமா?

பள்ளி மாணவர்களுக்கு ‘அபார்’ என்ற 12 இலக்க எண்ணை மத்திய சர்க்கார் வழங்கி வருகிறது. ஆதாருடன் இணைந்த அந்த எண்ணில் பிள்ளையின் மதிப்பெண்களும் சான்றிதழ்களும் சேர்ந்து, ஆயுள் முழுவதும் அவனைத் தொடரும். பெற்றோர் சம்மதித்தால்தான் எண் என்கிறது சர்க்கார். நல்லது. ஆனால், மறுக்கலாம் என்று யாரும் சொல்லாத நிலையில், வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் பள்ளி நீட்டும் படிவத்தில் கையெழுத்திட்டால், அது சம்மதமாகுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-லும், பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018-லும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அந்த உரிமை மாளிகைக்கு மட்டுமல்ல, மீனவர் குப்பத்துக்கும் உண்டு.

எனவே, மறுக்கலாம், கொடுத்த சம்மதத்தை வாபஸ் பெறலாம் என்பதைப் புதுவை சர்க்கார் பள்ளிதோறும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். மறுத்த பிள்ளையின் பரீட்சைக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ இடையூறு கூடாது. பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் ஒன்றுபட்டு இதைக் கோர வேண்டும்.