வக்கீல் மேசையும் மந்திரி பீடமும்

சட்டம் பயின்றோரே நாடாளத் தகுதியுடையோர் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றி நிற்கின்றது. தோழர் பலர், ஈண்டுப் பட்டம் பெற்றதும் சட்டக் கல்லூரி புகுந்து, சில்லாண்டு வழக்காடிப் பின்பு தேர்தலில் நின்று மந்திரியாகலாம் எனக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் ஒரு பாதியே சரி என்பது நம் கருத்து. இதற்குச் சான்று நம் சேலம் ஜில்லாவிலேயே உண்டு. அது சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரின் வாழ்வு.

அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு பிறந்த இவர், 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கட்சிக்காரரும் பெருகினர், பொருளும் பெருகியது. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராய் விளங்கினார். அதே 1917இல் செர்மானியரான அடினார் என்பவரும், சட்டம் பயின்றவர், கொலோன் நகரின் தலைவரானார். அவரே 1949இல் மேற்குச் செர்மனியின் முதல் பிரதமருமானார். நீதிமன்றத்திலிருந்து நகரசபைக்கும், அங்கிருந்து அரசுக்கும் செல்லும் பாதை எந்நாட்டிலும் உண்டு போலும்! ஆயின் நம்மவர் இடையில், காந்தியடிகளின் இயக்கத்துக்காகத் தொழிலையே துறந்து சிறை புகுந்தார்; 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதரும் மதுவிலக்கும் பரப்பினார்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லா முழுதும் மதுவிலக்கு வந்தது. அந்நாள் ஆத்தூர்த் தாலுகாவிலிருந்த நம் கெங்கவல்லியும் அதற்கு உட்பட்டதே. மாகாணம் முழுவதிலும் ஒருங்கே புகுத்தாது, ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்த்துப் பின்பு பிறவற்றுக்கு விரித்தமை ஒரு வக்கீலின் எச்சரிக்கை எனலாம். கள்வரி ஒழிந்த இடத்தை நிரப்ப 1939இல் விற்பனைவரி கொணர்ந்ததும் அத்தகையதே.

இவற்றினும் நாம் வியப்பது 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் முதல் நாளன்று நிலுவையில் நின்ற வட்டி முழுதும் நீங்கியதாகக் கொள்ளப்படும்; அசல் மட்டுமே செலுத்தற்குரியது. அசலைப்போல் இருமடங்கு முன்னரே செலுத்தியிருப்பின் கடனே தீர்ந்தது. புஞ்சை நிலத்தை நம்பி, மழை பொய்த்த ஆண்டில் கைமாற்று வாங்கி, வட்டிக்கே விளைச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்த குடியானவனுக்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ? பத்திரம் எழுதிய கையும், அதைக் கொண்டு பிராது கொடுப்போர் வாதமும் எத்தகையன என்பதைக் கோர்ட்டில் கண்டவர்க்கே இந்நுட்பம் தோன்றும் என்பது நம் துணிபு. 1939இல் மதுரைக் கோயிலுள் ஆலயப் பிரவேசத்தை நடத்திய வைத்தியநாதையரும் ஒரு வக்கீலே. அச்செயலுக்குச் சட்டக்காப்பு அளித்தவர் சேலத்து வக்கீல்.

இனி மற்றப் பாதி. நீதிமன்றத்தில் ஒரு நியாயாதிபதியைத் தெளிவித்தால் போதும். தீர்ப்பு வந்தபின் எதிர்க்கட்சி அடங்கியே தீரவேண்டும். பொதுமக்கள் அவ்வாறு அடங்குவதில்லை. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணை பிறந்தது. தமிழறிஞரும், பெண்டிரும், இளைஞரும் எதிர்த்தெழுந்தனர். அவர்க்கு மறுமொழி, காங்கிரஸாரே முன்பு கடிந்த குற்றவியல் திருத்தச் சட்டம்! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைத் தண்டனைக் காலத்தே நோயுற்று மாண்டனர். தமிழையே சிறப்புப் பாடமாய்க் கற்கும் நாம் இதனை எளிதாய்க் கடந்து செல்ல இயலாது. அவர் பதவி துறந்தபின், 1940 பிப்ரவரியில் அவ்வாணை நீக்கப்பட்டது. அவரே 1960களில் இந்தி ஆட்சிமொழியாதலை வன்மையாய் எதிர்த்தார் என்பது விந்தை. இரு பக்கமும் வாதிக்க வல்ல திறமை என நகைப்பாருமுளர்.

சட்டப் படிப்பின்மேல் இக்குறையை ஏற்றுதல் தகுமோ, காந்தியடிகளும் பாரிஸ்டரன்றோ என்று நண்பர் ஒருவர் வினவினார். உண்மையே. ஆயின் அடிகள் மூன்றாம் வகுப்பு வண்டியேறி ஊர்தோறும் சென்று, மக்கள் பேசுவதைக் கேட்டபின் பேசினார். நம்மவர்க்கோ தம் வாதம் சரியென்று தெளிந்த அளவில் வழக்கே முடிந்துவிடும்.

1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டமும் அவ்வழியே சென்றது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலில் பழகலாம் என்றார். போதிய பள்ளிகளும் ஆசிரியரும் இல்லை என்னும் காரணம் தாளில் வலியதே. ஆனால் தலைமுறை தலைமுறையாய்ச் செருப்புத் தைத்தவன் மகன் அப்பொழுதில் எத்தொழில் பழகுவான் என்று நாடு கேட்டது. அவ்வினாவுக்கு விடையிறுக்க எச்சட்ட நூலும் உதவவில்லை. 1954இல் அவர் விலகினார். இளமையிலேயே பள்ளிப்படிப்பை விட்ட காமராசர் முதலமைச்சராகி, அவ்வாண்டே அத்திட்டத்தைக் கைவிட்டார்.