கல்விசாரா ஊழியரும் மக்கள் மருத்துவமும்

பாடசாலை வளவைக் கூட்டுபவர், மலசலகூடத்தைக் கழுவுபவர், இரவிலே காவல் நிற்பவர் ஆகியோருக்கு எமது நிர்வாகம் சூட்டியுள்ள பெயர் ‘கல்விசாரா ஊழியர்’ என்பது. கல்வியைச் சாராதவராம்! கிணறும் மலசலகூடமும் துப்புரவற்ற பாடசாலையிலே எந்தக் கல்வி நடைபெறும்? வயிற்றோட்டத்தால் வீட்டில் முடங்கிய பிள்ளைக்கு எந்த ஆசிரியர் எழுத்தறிவிப்பார்? உண்மையில் இவர்களே பாடசாலையின் முதல் சுகாதார ஊழியர்கள். ஆனால் இவர்களது சுகாதாரத்துக்குப் பொறுப்பாளர் எவருமிலர்.

துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் உள்ளவை போன்ற சிறிய பாடசாலைகளின் நிலையை நோக்குவோம். நியமனம் பெற்ற தொழிலாளி இல்லாதவிடத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றோரிடம் பணம் திரட்டி ஒருவருக்குக் கூலி கொடுக்கிறது. பெற்றோரோ கமக்காரர், மீனவர், கூலியாளர். ஏழைக்கு ஏழையே சம்பளம் கொடுக்க, அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்கிறது. அவ்வாறு வேலை செய்பவருக்கு ஓய்வூதியமும் இல்லை. சம்பளத்துடன் கூடிய நோய் விடுமுறையும் இல்லை. 2009 இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீதே எறிகணை விழுந்த மண் இது. உடலிற் சிதறல்களைச் சுமந்தவாறே வேலைக்குச் செல்வோர் இன்றும் இங்கு உளர்.

“சங்கம் சம்பளத்துக்குப் போராடட்டும், மருத்துவம் எதற்கு? அதுதான் இலவசமாயிற்றே!” என்பர் சிலர். இலவசம் என்பது இன்று எவ்வளவு உண்மை? 2022 ஏப்ரலில் நாடு கடனிறுக்க இயலாதென அறிவித்த பின்னர், அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. “வெளியில் வாங்குக” என்ற துண்டு வறியவன் கையில் ஏறியது. நாட்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் மடியிலிருந்தே போகிறது. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல். சங்கம் போராடிப் பெறும் சம்பள உயர்வை அத்தகைய ஒரு பயணமும் ஒரு பரிசோதனையும் விழுங்கிவிடும். ஆகவே மருத்துவக் கோரிக்கையும் சம்பளக் கோரிக்கையே.

“அப்படியாயின் காப்புறுதி கேட்கலாமே” என்பது அடுத்த வாதம். அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ உண்டு. ஆனால் பெற்றோர் பணத்திற் கூலி பெறுபவர் அரச ஊழியர் அல்லரே! அவருக்கும் அதனை வென்றெடுத்தோம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் தினமும் காணும் பிள்ளையின் தாய்க்கு என்ன கிடைக்கும்? காப்புறுதி செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரலாம்; வைத்தியர் இல்லாத ஊரில் வைத்தியரை உண்டாக்கித் தராது. அது உழைப்பாளரை அட்டை உள்ளவர், அட்டை இல்லாதவர் எனப் பிரிக்கும். பொது வைத்தியசாலையோ எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்.

தன் உறுப்பினரைக் கடந்தும் ஒரு சங்கம் சிந்திக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாறு சான்று. வேல்ஸ் நாட்டின் திரெடீகர் நகரத் தொழிலாளர் கூலியிற் சிறு பங்கைச் சேர்த்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். அந்நகரிற் பிறந்து, இளவயதிலேயே சுரங்கத்துள் இறங்கிய அனியூரின் பெவன், சுகாதார அமைச்சராகி 1948 யூலை 5 இல் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கினார். ஓர் ஊரின் உழைப்பாளர் கண்ட வழி நாட்டின் உரிமையாயிற்று. எமது நாட்டிலும் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். மக்களின் வாக்குரிமையும் அத்தகைய விழிப்பும் சேர்ந்தே இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் ஈட்டின. காய்ச்சற் காடெனப் பெயரெடுத்திருந்த வன்னி உட்பட இலங்கை முழுவதும் மலேரியா அற்றதென 2016 இல் சான்று பெற்றது இப்பொதுச் சேவையினாலன்றோ! இது எவரும் இட்ட பிச்சையன்று.

2024 இல் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். அதே காலத்தில், யூன் 26 இல், ஆசிரியர்கள் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடத்தினர். இரு சாராரின் கோரிக்கையும் சம்பள முரண்பாடே; எனினும் போராட்டங்கள் வெவ்வேறு. கரும்பலகையின் முன் நிற்பவரும் அதே அறையைக் கூட்டுபவரும் வெவ்வேறு வர்க்கத்தவர் என்ற மாயையே அதிகாரத்தின் பலம்.

ஆசிரியர் சங்கங்கள் இம்மாயையைக் களையவேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் நிரந்தரச் சுகாதாரத் தொழிலாளி, பெற்றோரிடம் கூலிப்பணம் திரட்டும் முறைக்கு முடிவு, வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளிலும் போதிய மருந்து, பரிசோதனை வசதி, விசேட வைத்தியர் — இவை கல்விசாரா ஊழியரின் கோரிக்கைகள் மட்டுமல்ல, கல்வியின் கோரிக்கைகள். மாணவருக்குச் சமத்துவம் போதிக்கும் ஆசிரியர், தமது அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் இவற்றை முதல் வரியாக எழுதட்டும்!