பேருந்து நிலையம் ரெடி... ரயில் எங்கே?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போக வேண்டுமா? முதலில் சென்னையிலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டும். ஜோக் இல்லை. பெரம்பூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ பெட்டி படுக்கையோடு கிளம்புகிறவரைக் கேட்டுப்பாருங்கள், பயணத்தில் கஷ்டமான பகுதி எது என்று.

வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையோரம், 88 ஏக்கரில், சுமார் 394 கோடி ரூபாயில் எழுந்து நிற்கிறது அந்தப் பேருந்து நிலையம். 2019-ல் அடிக்கல் நாட்டியது ஓர் ஆட்சி. 2023 டிசம்பர் 30-ல் திறந்து வைத்தது இன்னோர் ஆட்சி. ஆகவே உடன்பிறப்புகளும் ரத்தத்தின் ரத்தங்களும் கொஞ்சம் அமைதி காக்கலாம், பழி இரண்டு பக்கமும் சமமாகவே விழுகிறது.

கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. வெளியூர்ப் பேருந்துகளை நகரத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்பதும் நியாயம்தான். பொங்கலுக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கேள்வி இடத்தைப் பற்றியது அல்ல, வரிசையைப் பற்றியது. எதை முதலில் கட்டுவது?

கடற்கரை-செங்கல்பட்டு ரயில் பாதை பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே போகிறது. நடுவில் ஜி.எஸ்.டி. சாலை மட்டும்தான். அங்கே ஒரு ரயில் நிலையமும், சாலையைத் தாண்ட ஒரு நடைமேம்பாலமும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரயில் நிலையத்துக்கு ஆகும் செலவாகச் சொல்லப்பட்டது சுமார் 20 கோடி. அதாவது பேருந்து நிலையச் செலவில் இருபதில் ஒரு பங்கு! ஆனால் பேருந்து நிலையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. 2024 முழுக்க இல்லை. ரயில் கண்ணுக்கு எதிரே நிற்காமல் போனது, பயணி இந்தப் பக்கம் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றார். அந்தப் பிப்ரவரியில் ஒரு வார இறுதியில், நள்ளிரவில் ஊருக்குப் போகப் பேருந்து போதவில்லை என்று பயணிகள் மறியலே செய்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தது 2002-ல். அங்கே மெட்ரோ ரயில் வந்தது 2015-ல். பதின்மூன்று வருடம்! ஒருவழியாக ரயில் வந்து, மக்களுக்குப் பழகி, எட்டு வருடம் ஆனதும் பேருந்துகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் தெற்கே போய்விட்டார்கள். மெட்ரோவோ விமான நிலையத்தோடு நிற்கிறது. அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதற்குத் திட்ட அறிக்கை உண்டு, அறிவிப்பு உண்டு.

இதையெல்லாம் ஒருங்கிணைக்கத்தானே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. சட்டம் 2010-ல் வந்தது. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். அதற்குள் கிளாம்பாக்கத்தில் அடிக்கல் நாட்டி மூன்று வருடம் ஓடிவிட்டது. கல்யாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்த பிறகு பொருத்தம் பார்க்க வந்த ஜோசியர் கதைதான்.

இத்தனையிலும் யாரும் பேசாத ஆட்கள் ஊரப்பாக்கத்துக்காரர்கள். சென்னையின் நெரிசல் அவர்கள் வாசலுக்கு இடம் மாறியது. பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? அய்யஞ்சேரியிலும் காரணைப்புதுச்சேரியிலும் வீடு வாங்கிய குடும்பத்துக்கு மதுரைப் பேருந்து வருடத்துக்கு நாலு தடவை தேவைப்படலாம். தினமும் தேவைப்படுவது வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வரைக்கும் ஒரு சின்னப் பேருந்து, அப்புறம் உள்ளே ஏற இடமுள்ள ஒரு மின்சார ரயில். கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். கிளாம்பாக்கத்தில் நடைமேடை கட்டினாலும், வண்டிகளைத் தாம்பரத்துக்கு அப்பால் விடாவிட்டால் அந்த நடைமேடையில் காற்று வாங்கலாம். இதைப் பேருந்து நிலைய விவாதத்தில் எங்கே கேட்டீர்கள்?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரத் திட்டக்குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. நகராட்சி உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் உட்கார்ந்து பேச வேண்டிய மேஜை அது. இங்கே முடிவு கோட்டையில், ரிப்பன் வெட்டும்போது மட்டும் ஊர்க்காரருக்கு நாற்காலி.

ஆம்னி பேருந்து முதலாளிகளுக்குக் கிளாம்பாக்கம் பிடிக்கவில்லை. உயர்நீதிமன்றம் போனார்கள், கோயம்பேட்டில் தங்கள் பணிமனைகளிலிருந்து ஆள் ஏற்ற இடைக்கால அனுமதி வாங்கினார்கள். அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, வக்கீல் வைக்க வசதி இருக்கிறது. கைக்குழந்தையோடு ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்கும் அம்மாவுக்கு எந்த வக்கீல்?

பெங்களூர் பக்கம் போகும் பேருந்துகளுக்குத் திருமழிசையை அடுத்த குத்தம்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே எதிரில் நிற்காமல் போவதற்குக்கூட ஒரு மின்சார ரயில் கிடையாது.