தண்ணீர் குடிக்கும் கார்டு

“இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, பெரியப்பா!” என்றான் என் தம்பி மகன். புரியாமலென்ன? மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவனாயிற்றே நான்!

2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு அது. செய்தவர்களே 450 வாட் மின்சாரம் வகுத்திருக்கிறார்கள். வேகம் 2,520 மெகாஹெர்ட்ஸ். சூடும் மின்சாரமும் இடங்கொடுத்தால் தானாகவே அதையும் தாண்டி ஓடும். இவன் 3,000-க்கு விரட்டுகிறான். கிடைத்ததென்ன? நூறு ஃபிரேம் ஓடிய இடத்தில் ஐந்தாறு கூட!

1998-இல் இன்டெலின் செலரான் 300ஏ-யை 450-க்கு ஓட்டினார்களே, அதில் நியாயமிருந்தது. மலிவுச் சரக்கு விலையுயர்ந்ததோடு மல்லுக்கு நின்றது. இல்லாதவனின் கெட்டிக்காரத்தனம் அது. இதுவோ இருப்பவனின் நமைச்சல்.

வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. அதற்குத் தண்ணீராம், பம்ப்பாம், ரேடியேட்டராம்! சத்தம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் சூட்டை விழுங்கிவிடுவதில்லை ஐயா; சில்லிலிருந்து வாங்கி அறைக்குள் கொட்டுகிறது. அதை விரட்ட ஏ.சி.!

ஆசைக்கு விலை பேசலாமா என்பீர்கள். ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை அடித்தெழுதுகிறவன்தான் நானும். ஆனால் காகிதம் கரண்ட் குடிப்பதில்லை.

“மின்வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாரடா” என்றேன். இறக்கினான். ஆட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவனே சொன்னான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பழையபடி ஏற்றி வைத்திருந்தான்.