குதிரைக்கு ஏது லீவு?
சேணத்தில் ஏறும் பிள்ளைகள்: ஆன்லைன் படிப்பு கைகொடுக்குமா?

விடிகாலை 5 மணிக்கு லாயத்தில் குதிரை காலை உதைக்கிறது. எட்டரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 14 வயசுப் பிள்ளை ஒன்று!

போட்டிக் குதிரையேற்றம் கற்கிற பிள்ளைகளின் வீட்டில் நடக்கிற இழுபறி இதுதான். "பேசாமல் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு ஆன்லைனில் படிக்க வைத்தால் என்ன?" என்று பெற்றோர்கள் யோசிக்கிறார்கள்.

"அது பணக்காரன் வீட்டு விவகாரம் சார், நமக்கென்ன?" என்று பேப்பரை மடித்துவிட வேண்டாம். பணக்கார விளையாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இதே முடிச்சு, பிள்ளையை நீச்சலுக்கும் கபடிக்கும் அனுப்புகிற குமாஸ்தா வீட்டிலும் விழுகிறது. குதிரை விஷயத்தில் முடிச்சு கொஞ்சம் பலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பு இந்தக் கேள்வியே கிடையாது. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் தங்கம் வாங்கிய ரகுபீர் சிங் ராணுவ வீரர். அவருக்குப் பயிற்சியே உத்தியோகம். அதன் பிறகு 41 வருஷம் தங்கமே இல்லை. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் 'டிரெசாஜ்' குழுப் போட்டியில்தான் மறுபடி கிடைத்தது. தாளம் தப்பாமல் குதிரையை நடக்கவும் திரும்பவும் நிற்கவும் வைத்துக் காட்டுகிற போட்டி அது.

அந்தத் தங்கத்தை வாங்கியவர்கள் யார்? சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா. நாலு பேருக்கும் அப்போது வயசு 21 முதல் 25-க்குள்! பெஞ்சில் உட்கார வேண்டிய வயசிலேயே சேணத்தில் உட்கார்ந்தவர்கள். பட்டாளத்தின் கையில் இருந்த விளையாட்டு பள்ளிப் பிள்ளைகள் கைக்கு மாறிவிட்டது. (ஆண், பெண் என்று தனித்தனிப் போட்டி இதில் கிடையாது. நால்வரில் இருவர் பெண்கள்!)

கல்கத்தா டு டில்லி!

அனுஷ் கல்கத்தாப் பையன். வாரம் பூராவும் பள்ளிக்கூடம். சனி, ஞாயிறு டில்லியில் பயிற்சி. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வருகிற தூரமா அது? 1,400 கிலோமீட்டருக்கு மேல்! கடைசியில் 17 வயசில், 2017-ல், ஜெர்மனிக்கே போய்விட்டார். ஹாங்சோவில் தனிநபர் வெண்கலமும் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெசாஜில் இறங்கிய முதல் இந்தியரும் அவர்தான்.

எதற்கு ஜெர்மனி? நல்ல வாத்தியார் அங்கே இருக்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படாதது. நோய்த் தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையை நேராக வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது நடக்காத காரியமாக இருந்தது. ஹாங்சோவில் நம் வீரர்கள் ஏறிய குதிரைகள் ஐரோப்பாவிலிருந்து போனவைதான். குதிரை வர முடியாததால் பிள்ளை போகிறது. பிள்ளை போவதால் பள்ளிக்கூடம் போகிறது!

2024-ல் உலகச் சாம்பியன் ஆன நம்ம ஊர் குகேஷும் நாலாம் வகுப்புக்குப் பிறகு தினசரி வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் செஸ் போர்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். எதிராளியைக் கம்ப்யூட்டரிலேயே பிடிக்கலாம். குதிரை அப்படியா? "நாளைக்கு எனக்கு மாதப் பரீட்சை, நீ சும்மா இரு" என்றால் அது கேட்குமா? நாள்தோறும் நடத்த வேண்டும், ஓட்ட வேண்டும், தேய்த்துவிட வேண்டும். நாலு நாள் லாயத்திலேயே கட்டிப் போட்டால் ஐந்தாம் நாள் ஏறுகிறவன்தான் மண்ணைக் கவ்வுவான்.

திறந்த பள்ளி

இங்கேதான் மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வருகிறது. 1989-ல் தொடங்கியது. வருகைப் பதிவு என்ற தொல்லை இல்லை. பாடங்களை ஆன்லைனில் படிக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை பொதுத் தேர்வு. ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. ஏப்ரலில் இரண்டு, அக்டோபரில் மூன்று என்று பிரித்துக்கொள்ளலாம். சேர்ந்தால் 5 வருஷத்துக்குள் 9 வாய்ப்பு. பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதவும் வசதி உண்டு. குதிரைக்காரப் பிள்ளைக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால் சட்டைக்குப் பொத்தான் நாம்தான் தைக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு 14 வயசு நிரம்பியிருக்க வேண்டும். அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வுக்கு நேரில் போயே ஆகணும். பொதுத் தேர்வும் அப்படியே. வெளிநாட்டில் பயிற்சியில் இருக்கிற பையன் விமானம் ஏறி வரணும். அதுவரை அவன் குதிரையை யார் ஓட்டுவது?

இன்னொன்று. 2020 ஊரடங்கில் செல்போன் வகுப்பு நடந்த லட்சணம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வீட்டிலேயே இருந்த பிள்ளைக்கே கண் சொருகியது. மூணு மணி நேரம் குதிரை ஏறி இறங்கிய பிள்ளை மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் எத்தனை நேரம் விழித்திருக்கும்? நேரம் மிச்சமாவது நிஜம். தெம்பு மிச்சமாகுமா?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடிகிற வரை பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. குதிரை நொண்டினால் ஒரு சீசன் போச்சு. விற்றுவிட்டால் ஜோடியே போச்சு. விழுந்து எலும்பு முறிந்தால் ஆறு மாதம் படுக்கை. அப்போது கையில் இருக்கப்போவது மார்க் ஷீட் ஒன்றுதான். பள்ளியில் இருந்துகொண்டே சமாளிக்கவும் வழி இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை கட்டாயம் என்றாலும், தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போனவர்களுக்கு விலக்குக் கேட்கலாம். போட்டி நாளும் பரீட்சை நாளும் மோதினால் வேறு நாளில் எழுதவும் விதி உண்டு. தலைமை ஆசிரியரை முன்கூட்டியே பார்த்துப் பேசணும். கடைசி வாரம் போய் நின்றால் யார் கேட்பார்கள்?

மீரட் செய்தி

2025 ஜூலையில் வந்த சேதியைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மீரட்டில் உள்ள ராணுவக் குதிரை மருத்துவ மையத்தை 'நோயில்லாத வளாகம்' என்று உலக விலங்கு ஆரோக்கிய அமைப்பு ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இப்படி ஏற்கப்பட்ட முதல் இடம் இது. அங்கே விதிப்படி வைத்துப் பராமரித்த குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வழி பிறக்கிறது. இப்படிப்பட்ட வளாகம் தெற்கேயும் ஒன்று வந்தால், பிள்ளையை ஜெர்மனிக்கு அனுப்பத்தான் வேணுமா என்று பெற்றோர் இன்னொரு தடவை யோசிப்பார்கள். படிப்புச் சிக்கலில் பாதி, கல்வி இலாகாவில் இல்லை. கால்நடை இலாகாவில் இருக்கிறது!

அதுவரை ஆன்லைன்தான் கதி என்கிறவர்கள் ஒரு விஷயத்தில் உஷாராக இருக்கணும். 'ஆன்லைன் ஸ்கூல்' என்று போர்டு மாட்டினால் போதாது. பாடம் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். சர்ட்டிபிகேட் தருவது போர்டு. பணம் கட்டுவதற்கு முன்னால், மார்க் ஷீட்டில் எந்தப் போர்டு பெயர் வரும், பரீட்சை எந்த ஊரில் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் பர்ஸைத் திறக்காதீர்கள்.