தங்கமும் துவாரபாலகரும்

செஞ்சிக்கு அருகே தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக் கோயில் இருக்கிறது. துவாரபாலகர்களைத் தாண்டித்தான் உள்ளே செல்ல வேண்டும். அவர்களைக் கண்டபோது நமக்கு நம் உடம்பின் உயிரணுக்கள் நினைவுக்கு வந்தன. அங்கும் வாயில்காப்போர் உண்டு; ஏற்பிகள் என்பது அவர்கள் பெயர்.

புற்றுநோய் கண்ட உயிரணுக்கள் பலவற்றில் சிலவகை ஏற்பிகள் அளவு கடந்து பெருகிவிடுகின்றன. அவை பற்றக்கூடிய பொருளொன்றைப் பொடியினும் பொடியான தங்கத் துகளின்மேல் பூசி அனுப்பினால், காவலரே அதைப் பற்றிக்கொள்கின்றனர். அவ்விடத்துச் சவ்வு குழிந்து, சுருக்குப்பை காசை முடிவதுபோல் துகளைப் பொதிந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பகையை அழைத்து வருவது காவலரேதான்!

2008-இல் டொரான்டோ விஞ்ஞானிகள் மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களில் இதைச் சோதித்தனர். 40 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள துகள்களே மிகுந்த பலன் தந்தன. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். துகள் மிகச் சிறிதானால் காவலர் பலர் கூடிப் பற்ற இடமில்லை. மிகப் பெரிதானால் காவலர் போதவில்லை.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்று அமெரிக்காவின் மிசௌரி சர்வகலாசாலையில் பணிபுரியும் நம் நாட்டவர் கட்டேஷ் கட்டியும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்குப் பெருமை தருவது. கதிரியக்கத் தங்கத்துக்குப் பச்சைத் தேயிலைச் சத்தொன்றைப் போர்த்தி, எலிகளின் புற்றுக்கட்டியிலேயே ஊசியால் செலுத்தினர். ஒரு நாள் கழிந்த பின்னும் 72 சதவீதம் அங்கேயே தங்கியது. சிகிச்சை பெறாத எலிகளுடன் ஒப்பிட, 28 நாளில் கட்டியின் பருமன் 80 சதவீதம் குறைந்திருந்தது.

ஆயினும் பெருமை நம் கண்ணை மறைக்கலாகாது. இது எலிகளில் கண்ட பலன். இரத்தத்தில் செலுத்தும் துகள்களின் கதையோ வேறு: ஈரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை வழிமறித்துவிடுகின்றன. பத்தாண்டு ஆராய்ச்சிகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, கட்டியைச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 சதவீதமே என்று தெரிந்தது. ஆகவே, தங்கபற்பமோ தேநீரோ புற்றுநோயைத் தீர்க்கும் என்று எவரேனும் இந்த ஆராய்ச்சியைக் காட்டி விற்க வந்தால், வாசகர்கள் ஏமாற வேண்டாம். வீட்டில் யாருக்கேனும் ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ கண்டால், நகையை விற்றுப் பற்பம் வாங்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது இதற்காகவே அல்லவா? ஆராய்ச்சிச்சாலைத் தங்கம் காத்திருக்கலாம், நோய் காத்திராது.