மண்ணுக்குள் ஒரு பேச்சுவார்த்தை

இரசாயனப் பசளை இறக்குமதியை 2021 மே மாதத்தில் இலங்கை அரசு தடை செய்தபோது, அதனை ஆதரித்தோர் சொன்ன நியாயங்களுள் ஒன்று நினைவிருக்கலாம். பசளையை நிறுத்தினால் மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் விழித்தெழுந்து பயிரைக் காத்துக்கொள்ளும் என்றார்கள். அதில் பாதி உண்மை. மீதியை அறியாமல் சட்டம் போட்டதன் விலையை நோர்வூட்டிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்களே கொடுத்தார்கள்.

நெருக்கடியில் நுண்ணங்கிகள் இரசாயனச் சமிக்ஞைகளால் பேசிக்கொள்கின்றன என்பது விஞ்ஞானம் நிறுவிய செய்தி. மண்ணில் வாழும் பசிலஸ் சப்டிலிஸ் என்னும் பற்றீரியா, உணவு அருகும்போது சிறு புரதத் துணுக்குகளை வெளிவிடுகிறது. அவற்றின் செறிவைக் கொண்டு அயலில் தன்னினம் எவ்வளவு உண்டென்று அறிகிறது. கூட்டம் போதுமானால் பல கலங்கள் தடித்த உறைக்குள் வித்திகளாகி, நற்காலம் வரும்வரை உறங்கிவிடுகின்றன. பசித்தால் விழிக்கும் என்று நம்பியவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

இப்பேச்சில் தாவரத்துக்கும் பங்குண்டு. பொசுபரசு குறைந்தால் பல தாவரங்களின் வேர்கள் ஸ்ட்ரிகோலக்டோன் என்னும் பொருளைக் கசியவிடும். அதை உணர்ந்த பூஞ்சண இழைகள் கிளைவிட்டு வேரை நாடி வரும். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. தேயிலை வேரிலும் இவ்வகைப் பூஞ்சணம் குடியிருக்கிறது. பொசுபரசு தாராளமாகக் கிடைத்தாலோ அழைப்பு மங்கிவிடும்.

நிழலுக்காகத் துரைமார் நட்ட முருக்கமரமும் நைதரசன் தேவைப்படும்போது வேரிலிருந்து பிளேவனொயிட்டுகளைச் சுரக்கும். றைசோபியம் பற்றீரியா பதிற்குறி அனுப்ப, வேரில் முடிச்சு உண்டாகி, காற்றின் நைதரசன் பசளையாகும். மண் அளவுமீறிப் புளித்தால் இந்த உரையாடல் தடைப்படும். பல தசாப்தங்களாக யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் இட்ட மலைகள் எவ்வளவு புளித்திருக்கும்? அவற்றைத் திருத்த ஒரு வர்த்தமானி போதுமென்று நினைத்தார்கள்!

அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடிக்கு வீழ்ந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் ஒரு காரணமே. எனினும் பட்டினி கிடந்த செடி கொழுந்து விடாது.

2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானி வெளிவந்திருந்தது. மலையில் சம்பளத்தைத் தீர்மானிப்பதோ தராசு. நிறை குறைந்தால் அரைப்பேர். செடியின் பட்டினி தராசுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் அவரால் ஆவதொன்றுமில்லை.

சேதனப் பசளைக்கு நான் எதிரியல்லன். கவ்வாத்துச் சுற்றோடு டொலமைட் இட்டுப் புளிப்பைக் குறைத்து, வெட்டிய மிலாரை மலையிலேயே மக்கவிட்டு, நிழல்மரங்களை மீள நட்டு, இரசாயனப் பசளையைப் படிப்படியாகக் குறைத்தால் நுண்ணங்கிகள் திரும்பும். 1925 முதல் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் மண் தேறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், அவ்வாண்டுகளில் கொழுந்தும் குறையும். அத்தகைய மலைகளில் கிலோ அளவைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். நட்டத்தைக் கம்பனிகளும் அரசும் ஏற்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்குச் செல்லும் தொழிற்சங்கத் தலைவர்கள், நாட்சம்பளத் தொகையோடு இதையும் எழுத்தில் கேட்கட்டும்.